மாணிக்கம் மாமாவின் கட்டில் வண்டி

எத்தனை சோப்பு போட்டாலும் கிரீஸ் வாசனை போகாத கைகளுக்குச் சொந்தக்காரனான என் அன்பு மாணிக்கம் மாமாவுக்கு,

இதனால் மேலுலகத்தில் உள்ள சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ஊர்க்கவுண்டர் வீட்டுச் சிவப்புச் சேவல் கூவுவதை நிறுத்திவிட்டது. காரணம் அடியேன். அது எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் எழுந்து, அதன் குரலிலேயே கூவிவிடுகிறேன். முதலில் அது பதிலுக்குக் கூவிப் பார்த்தது. பிறகு கூரையில் ஏறி நின்று, எந்தப் பயல் என்று கழுத்தை நீட்டித் தேடியது. இப்போது நமக்கேன் வம்பு என்று கூடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கவுண்டர் தொண்டைக்கட்டு என்று நினைத்து அதற்கு மிளகு இடித்து ஊட்டுகிறார். சேவல் தும்முகிறது. ஊர் நிலவரம் இவ்வளவுதான்.

உன்னை 'நீங்கள்' என்று எழுதத்தான் நினைத்தேன். செத்தவர்களுக்கு மரியாதையைக் கூட்டித் தரவேண்டுமாம், அம்மா சொல்கிறாள். ஆனால் நீ உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை "வாங்க மாமா" என்று கூப்பிட்டதற்கு, "எந்த ஆபீசருடா வந்துக்கீறாரு?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாய். அதனால் நீ, நீயாகவே இரு.

நாளை உனக்கு முதல் வருஷப் படையல். வாழையிலையில் சாமைச் சோறும் கோழிக்கறியும் வைப்பார்கள். நான் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கப் போகிறேன். எதிர்ச் சரிவு ஊரிலிருந்து வெள்ளையண்ணனும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இதன் கடைசியில் இருக்கிறது. அதுவரைக்கும் வாசிக்க எனக்குத் தைரியம் இருக்குமா என்று இப்போது தெரியவில்லை. நடுவில் நிறுத்தினால் பின்னாலிருந்து ஒரு உதை விடு.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் கேட்க வருகிறவர்களில் தெரியாதவர்களும் இருப்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நம் ஊருக்கு ரோடு உண்டு. மரம் இறக்குவதற்காக எப்போதோ வெட்டிய மண் ரோடு. சந்தை நாளில் ஜீப் வரும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் வராது. மற்ற நாளில் யாருக்காவது முடியாமல் போனால், மூங்கில் கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, அதில் படுக்கவைத்து, நாலு பேர் தோளில் சுமந்து இறக்குவார்கள். அதற்கு டோலி என்று பேர். பேரைக் கேட்டால் கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கும். உன்னைக் கட்டிக்கொண்ட என் பூங்காவனம் அக்காவின் முதல் பிரசவத்துக்கு அப்படித்தான் இறங்கினோம். பாதி வழியில் மழை. ஒரு பாறை மறைவில், டோலியிலேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை.

நீ அதைத் துண்டில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டாய். "இன்னாய்யா, சத்தமே காணோம்?" என்று அக்கா கேட்டாள். "தூங்குது பூங்காவனம்" என்றாய். அடிவாரம் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நீ "தூங்குது, தூங்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்தாய். நான் உனக்குப் பின்னால் வந்தேன். உன் முதுகு சொன்னது வேறு.

அதற்கப்புறம் நீ யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், கல்யாணத்துக்கு முன்னால் கிளீனராக வேலை செய்த திருப்பத்தூர் லாரி ஷெட்டுக்குப் போனாய். திரும்பி வரும்போது உனக்குப் பின்னால் நாலு பேர் டோலி சுமந்துகொண்டு மேலே ஏறி வந்தார்கள். ஊரே ஓடிவந்தது.

"யாருய்யா? யாருக்கு இன்னா ஆச்சு?"

அம்மா மாரில் அடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள். நீ போர்வையை விலக்கினாய். உள்ளே எண்ணெய் வழிய ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் படுத்திருந்தது.

"டோலி எறங்கித்தான் பாத்துக்கீறீங்க. ஏறிப் பாத்ததில்லையே" என்றாய்.

அம்மா உன்னைத் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதியை எழுதினால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

அடுத்து வந்தது கட்டில். ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்புக் கட்டில், பழைய இரும்புக் கடையில் கிடந்ததாம். அதுதான் வண்டிக்குச் சட்டம் என்றாய். "ஆஸ்பத்திரிக்கு நாம போவ முடியலன்னா இன்னாடா மச்சான், ஆஸ்பத்திரி நம்மகிட்ட வருது பாரு." காயலான் கடையில் கிடைத்த ஸ்கூட்டர் சக்கரம் நாலு, ஒடிந்த ஜீப் ஸ்டியரிங் ஒன்று, மேலே படுக்க ஒரு பலாப் பலகை. பிரேக்குக்கு ஒரு மரக்கட்டையில் டயர் துண்டை ஆணியடித்து, நெம்புகோலை இழுத்தால் அது சக்கரத்தைப் போய் அழுத்துவது மாதிரி செய்தாய். அழுத்தும். சக்கரம் அதைப் பொருட்படுத்தாது.

"எஞ்சின் புகை சாமிக்கு ஆவாது. எல்லைக்கல்லுக்கு வெளிய வெச்சி இன்னா வேணா செஞ்சிக்க" என்றார் ஊர்க்கவுண்டர். அதனால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் கொட்டகை போட்டாய். அந்தக் கொட்டகை அங்கே இருந்ததுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமாகப் போகிறது என்று அன்றைக்கு உனக்கும் தெரியாது, கவுண்டருக்கும் தெரியாது.

நான் உதவிக்கு வந்தேன். உதவி என்றால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பிறகு அதைத் தொலைப்பது. "பேருலயே ஏழு மலைய வெச்சிக்கினுகீற. மொதல்ல இந்த ஒரு மலைய ஏறி எறங்குவோம், வா" என்பாய். ஒருநாள் நீ யாரையும் கேட்காமல் வெட்டிவந்த வேங்கைக் கட்டையை இழைத்துக்கொண்டிருந்தபோது, நான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வனத்துறை ஜீப் மாதிரி சத்தம் கொடுத்தேன். நீ கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. உண்மை தெரிந்ததும் என் காதைத் திருகிக்கொண்டே சொன்னாய்: "எல்லாம் சரியா அடிச்ச. கியர் மாத்தற எடத்துல மட்டும் கோட்ட வுட்டுட்டடா."

எஞ்சின் முதன்முதலில் ஓடிய சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள். நீ உதைத்து உதைத்துக் கால் வீங்கிப்போய், "இன்னும் ஒரே ஒதை" என்று உதைத்தாய். பிடித்துக்கொண்டது. டுபு டுபு டுபு, நடுவில் ஒரு விக்கல், மறுபடி டுபு டுபு டுபு. மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழும்பிப் போனது. அக்கா ஒரு கையை எஞ்சின்மேல் வைத்தாள், இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்தாள்.

"உள்ள கீறது ஒதைக்குதுய்யா. கெளம்பச் சொல்லுது."

"இரு இரு, இன்னும் சீட்டு போடல" என்றாய்.

ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஓடியிருக்கும். அப்புறம் ஒரு கருகல் வாசனை. நின்றுவிட்டது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் எரிந்துபோச்சு, அவ்வளவுதான், திருப்பத்தூர் போய் வேறு வாங்கிவந்து மாட்டினால் ஓடும் என்றாய். உன் முகத்தில் அவ்வளவு பல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீ திருப்பத்தூர் போகவில்லை. மறுநாள் உனக்கு வயிற்றுவலி வந்தது. எஞ்சினைத் தூக்கித் தூக்கி வைத்ததால் குடல் ஏறிக்கொண்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய். கனத்தைத் தூக்கினவனுக்கு வயிறு வலித்தால் நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்? விளக்கெண்ணெய் காய்ச்சி, மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளைச் சுற்றி அழுத்தித் தடவினார்கள். முதல் நாள் நீ பல்லைக் கடித்துக்கொண்டாய். இரண்டாம் நாள் கத்தினாய். அடுத்த நாள் வலி திடீரென்று விட்டுவிட்டது. குடல் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். நீ ரெண்டு வாய் கஞ்சி குடித்தாய். பொழுது சாய்வதற்குள் வயிறு கல்லாகிவிட்டது. உடம்பு தீயாகக் கொதித்தது.

கீழே ஒரு டாக்டரிடம் பின்னால் கேட்டேன். குடல்வால் வீங்கி வெடித்திருக்கும், அப்படிப்பட்ட வயிற்றைத் தொட்டே இருக்கக்கூடாது, வலி விட்டபோதுதான் ஓடி வந்திருக்கவேண்டும் என்றார். தடவிய கை யாருடையது என்று ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை. நானும் பேசமாட்டேன். எஞ்சினை ஏற்றிய அதே மூங்கில் கழியில் உன்னை இறக்கினார்கள். அதையும் பெரிதாகப் பேசமாட்டேன்.

டோலி கொட்டகையைத் தாண்டும்போது நீ தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தாய். "மொத சவாரிக்கு நான் ரெடிடா மச்சான். வண்டிதான் ரெடியில்ல" என்றாய். நான் சிரித்தேன் மாமா. நீ சொன்னால் நான் சிரிப்பேன், அது பழக்கம். அதற்குப் பிறகு நீ எதுவும் சொல்லவில்லை. நாலாவது வளைவில், தண்ணீர் கொடுக்க டோலியை இறக்கினபோது, உன் வாயிலிருந்து தண்ணீர் வெளியே வழிந்தது.

வழியில் உயிர் போனவரை எல்லைக்குள் கொண்டுவரமாட்டார்கள். வீட்டுக்குள் போன உயிர் வீட்டுக்கு, வெளியில் போனது வெளியோடு. அது நம் வழக்கம், உனக்குத் தெரியும். உன்னைத் திரும்ப மேலே சுமந்துவந்து, எல்லைக்கல்லுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். எங்கே கிடத்துவது? மழை தூறிக்கொண்டிருந்தது. நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது. உன் கொட்டகை. கொட்டகைக்குள் ஈரமில்லாத பலகை ஒன்றுதான் இருந்தது. உன் வண்டியின் பலாப் பலகை.

மொத சவாரிக்கு நீ ரெடி என்றாய். ஏறிவிட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வண்டிப் பக்கம் யாரும் போகவில்லை. பிணம் கிடந்த வண்டி. பாடை வண்டி என்று பிள்ளைகள் பேர் வைத்தார்கள். அந்தப் பேரை நான் வைக்காமல் போனேனே என்று ஒரு கணம் எனக்கே வருத்தம்தான். பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருவனை அடித்தேன்.

இங்கிருந்துதான் மாமா உன் மச்சானின் சாதனை ஆரம்பிக்கிறது. நன்றாகக் கேள். உன் வண்டியை நான் முடித்தேன். ஒற்றை ஆளாக முடித்தேன். திருப்பத்தூர் ஷெட்டுக்குப் போய் உன் பேரைச் சொன்னேன். சாமான்களைக் குடைந்து ஒரு காயில் எடுத்து என் கையில் வைத்தார்கள். செயினை மாட்டினேன். ஸ்டியரிங்கை இறுக்கினேன். அது வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போனது. கழற்றி மறுபடி மாட்டினேன். அக்கா நிறைவயிற்றோடு வந்து கொட்டகை ஓரம் உட்கார்ந்துகொள்வாள்.  அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, டோலியில் இனி ஏறுவதில்லை. அந்தத் தூளியில் ஒரு பிள்ளையையும் ஒரு புருஷனையும் அவள் விட்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் அவளுக்கு வலி எடுத்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஜீப் வர வழியில்லை. மூங்கில் கழியும் போர்வையும் வந்துவிட்டன. அக்கா அதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேராக எல்லைக்கல்லைத் தாண்டிக் கொட்டகைக்கு நடந்தாள்.

ஊர்க்கவுண்டர் குறுக்கே நின்றார். "பூங்காவனம், சொல்றதக் கேளும்மா. பொணம் படுத்த பலக. புள்ளத்தாச்சி அதுல ஏறக்கூடாது."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "என் புருசன் படுத்த பலகதானே பெரியப்பா? அதுல நான் படுக்காம, பின்ன யாரு வந்து படுக்கறது?"

 அவள் ஏறிப் படுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் அழுதாள். கவுண்டர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டேய், இது எறக்கத்துல நிக்குமா?"

"நிக்கற மாதிரிதான் மாமா செஞ்சாரு."

"உங்க மாமா செஞ்ச பிரேக்க நான் பாத்துக்கீறேன். கயிறு எட்றா." மாட்டுக் கயிறு நாலு கொண்டுவரச் சொல்லி வண்டியின் பின்னால் கட்டினார். மூன்று பேரைக் கூப்பிட்டார். யாரும் நகரவில்லை, தீட்டு. அவரே முதல் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "பலகக்குத்தான்டா தீட்டு. கயித்துக்கு இன்னா தீட்டு? வாங்கடா."

வந்தார்கள்.

அம்மா அக்காவின் தலைமாட்டில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் ஸ்டியரிங்கில். உன் எஞ்சின் கிளம்பியது மாமா! டுபு டுபு டுபு, ஒரு விக்கல், டுபு டுபு டுபு. பனியில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் மலையெல்லாம் கேட்டது. எதிர்ச் சரிவு ஊர்களில் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்களாம். வளைவுகளில் கியர் மாற்றினேன். சேற்றில் சக்கரம் வழுக்கியபோது கயிற்றுக்காரர்கள் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள், அவர்கள் உள்ளங்கை உரிந்தது. இரண்டாம் வளைவில் வண்டி பள்ளத்தின் விளிம்பு வரை போய் நின்றது. கவுண்டர் கயிற்றோடு மண்ணில் முழங்காலால் இழுபட்டு வந்தார். நாலாவது வளைவு வந்தது. நீ இறக்கிவைக்கப்பட்ட இடம். யாரும் நிற்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "எந்த எடம்டா?" என்றாள். "அது போயிடுச்சுக்கா" என்றேன்.

அடிவாரத்தில் கரும்பு ஏற்றப்போன லாரி ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குள் போய்த்தான் பிள்ளை பிறந்தது. பெண். அழுதது மாமா. அழுத அழுகைக்கு நர்ஸே காதைப் பொத்திக்கொண்டாள். அக்காவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பிழைக்கமாட்டாள் என்று ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள். பிழைத்தாள். இன்னும் வேகமாக எழுந்தால் கண்ணை இருட்டுகிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு மாணிக்கவல்லி என்று பேர். உன் மூக்கு. பாவம்.

அதற்கப்புறம் உன் மச்சான் பெரிய ஆள் ஆகிவிட்டான். மலையில் சொந்தமாக மோட்டார் வண்டி கட்டி ஓட்டினவன் என்று பேர். சந்தைக்குப் போனால் டீ வாங்கித் தருகிறார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "வண்டி அடிவாரத்துலதான் நிக்குது. யாருக்கு அவசரம்னாலும் சொல்லியனுப்புங்க, மேல ஓட்டிக்கினு வர்றேன்" என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்தேன். கயிறு பிடித்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா சொன்னதால் அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வெள்ளையண்ணன் விஷயம். கொஞ்ச நாளுக்கு முன்னால் அவருடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்தது. நான் அடிவாரத்து ஷெட் ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஆள் ஓடி வந்தான், வண்டியை எடுத்துவரச் சொல்லி. அண்ணன் மேலே, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். பனி கலைந்தது. வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. டோலி கட்டலாம் என்று யாரோ சொன்னதற்கு, "மோட்டார் வருதுய்யா, அந்தப் பையன் வந்துடுவான். நான் காதால கேட்ட வண்டி" என்றாராம்.

விஷயம் தெரிந்து நம் ஊர்க்கவுண்டர் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தார். "வண்டி வராதுய்யா. புள்ளயத் தூக்கு."

"ஏன் வராது?"

"அத அவனையே கேளு. மொதல்ல தூக்கு."

டோலியில் ஓடி வந்தார்கள். அடிவாரத்தில் வண்டி பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கால் வீங்கியிருந்தது. கையெல்லாம் கிரீஸ். அண்ணன் ஓடுகிற ஓட்டத்தில் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் இடது கையைச் சரியாகத் தூக்க வரவில்லை. அது காய்ச்சல் செய்ததா, ரோட்டோரம் காத்திருந்தது செய்ததா? டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்கு யார் சொல்வார்கள்? உனக்குத் தெரியுமா?

போன வாரம் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்தார் என்று நினைத்து நான் பின்வாசலைப் பார்த்தேன். அவர் வாசலிலேயே குந்தினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, அன்னிக்கு நான் என் ரெண்டு காதால கேட்டேன். எஞ்சினு ஓடுச்சு. அது நெசமா, இல்லியா?"

இத்தனை வாய் பேசுகிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அண்ணன் எழுந்து போய்விட்டார்.

வெள்ளையண்ணே, இங்கேதான் இருக்கீங்களா? இதோ பதில்.

எஞ்சின் ஓடவில்லை. அக்காவை இறக்கிய அன்றைக்கு உதைத்து உதைத்துப் பார்த்தேன், புகைகூட வரவில்லை. ஷெட்டில் கொடுத்த காயில் வேறு வண்டிக்கானது, அது எனக்குத் தெரியவில்லை. இறக்கம் என்பதால் வண்டி தானாக இறங்கியது. சமதரையில் அம்மா தள்ளினாள். பள்ளத்தில் விழாமல் பிடித்தது நாலு மாட்டுக் கயிறு. ஒற்றை ஆளாக முடித்தேன் என்று சொன்னேனே, அதுவும் பொய். நான் மரை கழன்று போகும்படி இறுக்கிய போல்ட்டையெல்லாம் நிறைவயிற்றோடு குனிந்து சரிசெய்தது அக்கா.

கிளம்பும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள் மாமா. "ஓடுதாடா? அவரு எஞ்சினு ஓடுதா?" என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நீ அன்றைக்கு "தூங்குது, தூங்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்த முதுகுதான் என் கண்முன் வந்தது. "ஓடுதுக்கா" என்றேன். அப்புறம் ஓடவேண்டுமே. வாயைத் திறந்தேன். மலையெல்லாம் கேட்டதே எஞ்சின், அது நான்தான். டுபு டுபுவும் நான், விக்கலும் நான், வளைவில் மாற்றிய கியரும் நான். அடிவாரம் போய்ச் சேரும்போது தொண்டையில் ரத்தம் கசிந்தது.

இதில் பெரிய அசிங்கம் என்னவென்றால், நான் அக்காவை ஏமாற்றியதாக ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு நன்றாகத் திரும்பிய அன்றைக்கு, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ஏண்டா, உங்க மாமா எஞ்சினு எப்படா எச்சி முழுங்குச்சு?" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கியரு மட்டும் இன்னும் சரியா வரலடா" என்றாள்.

ஆக, உன் வண்டிக்கு இறங்கத்தான் தெரியும். ஏறத் தெரியாது. அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் நிற்கிறது, கோழி அடைகிறது. சரியான காயில் எது என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். அண்ணன் மகளை முதலில் ஏற்றுவேன், அவளுக்கு ஆஸ்பத்திரிக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கிறது. ஏற்றிக்கொண்டு மேலே வருவேன் மாமா, கயிறு இல்லாமல், சத்தம் அதன் சொந்தத் தொண்டையிலிருந்து. அதுவரைக்கும் நான் எதன் குரலிலும் கத்தமாட்டேன். ஜீப் குரலில், எஞ்சின் குரலில், எதிலும். நாளைக் காலையிலிருந்து சேவலே கூவிக்கொள்ளட்டும். கவுண்டரே, மிளகை நிறுத்துங்க, அதுக்குத் தொண்டையில ஒண்ணுமில்ல.

பேரில் ஏழு மலையை வைத்துக்கொண்டு
ஒரு மலைகூட ஏறாத,
உன் மச்சான்
ஏழுமலை